அக்கி ஆறிய இடம்

"எப்படி இரிந்தா?"

மவுத்து வீட்டில் கேட்கிற கேள்வி அது. இறந்தவளின் மையத்தைக் குளிப்பாட்டி முடித்து, வீட்டு வளவில் கட்டிய சேலை மறைப்பை விலக்கிக்கொண்டு ஈரக்கையோடு சாச்சி வெளியே வருவார். குந்தியிருக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். முகம் வெளிச்சமாக இருந்ததா, கண் மூடியிருந்ததா, உடம்பில் ஏதும்...

"நல்லா இரிந்தா."

அவ்வளவுதான். படுக்கையில் கிடந்து எலும்பாகிப் போனவளும் நல்லா இரிந்தா. பிள்ளைப்பேற்றில் போனவளும் நல்லா இரிந்தா. கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்தவர்களும், அல்லாஹ்வே, அவர்களும் நல்லாத்தான் இருந்தார்கள். கேட்டவர்களுக்கு அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. காற்று சேலை மறைப்பை ஊதி உப்ப வைக்கும்; அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், உள்ளே இருப்பவளுக்குக் குளிருமென்பது போல.

"ஒனக்கிட்டக் கேட்டா நம்மட ஊர்ப் பொம்பிளைகள் எல்லாரும் சொகமாத்தான் போய்ச் சேர்ந்திரிக்காக," என்று பக்கத்து வளவு ராத்தா ஒருமுறை சீண்டினார். "சொகமில்லாமப் போனவ ஒருத்தி கூடவா இல்ல?"

"நீ போனாலும் நல்லா இரிந்தா எண்டுதான் சொல்லுவன். பயப்படாத."

"சீ, நாக்கக் கழுவு!"

சிரித்தார்கள். அவரும் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

எங்கள் பின்வளவு அவருடையது. நடுவில் ஒரு தகர வேலி. சாச்சி என்றுதான் நான் கூப்பிடுவேன். இரத்த உறவு ஏதும் இல்லை. கட்டிய மாப்பிள்ளை மவுத்தாகி வெகுகாலம். ஒரே மகன் கட்டாரில். கடலுக்கும் வயலுக்கும் நடுவே இடுப்புப் பட்டி போல நீண்டு கிடக்கிற எங்கள் ஊர்களில், கல்முனைக்கு இந்தப் பக்கம் எந்தத் தெருவில் பெண் மையத்து என்றாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்கள் படலையைத் தட்டும்போதே இலந்தை இலையை உருவப் போய்விடுவார். கொதிநீரில் அதைப் போட்டால் எழும் வாசம் அவருடைய சேலைகளில் எப்போதும் இருந்தது. பக்கத்தில் நின்றால் பச்சையும் கசப்புமாக ஏதோ ஒன்று மூக்கில் ஏறும். சின்னப் பிள்ளைகள் அந்த வாசத்துக்குப் பயப்படும்.

எதையும் மூடி வைப்பார். குசினியில் மூடியில்லாத பாத்திரம் ஒன்றைப் பார்க்க முடியாது. சீனிப் போத்தல், உப்புச் சிரட்டை, தண்ணீர்ப் பானை. சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்தால் பைக்கு மேல் ஒரு துணி. "மீனுக்கும் வெக்கமா சாச்சி?" என்று கேட்டேன். "பாக்கிறவனுக்குக் கண் இரிக்கில்ல புள்ள," என்றார். கொடியில் காய்கிற உடுப்பில் கூட உள்பாவாடைக்கு மேல் சேலையைப் போட்டு மறைத்திருப்பார். தெருவில் யாராவது சண்டை போட்டால் ஊரே வேலிக்கு வரும். அவர் யன்னலைச் சாத்துவார்.

மார்க்கத்தில் உள்ளதுதான். மையத்தைக் குளிப்பாட்டுகிறவர் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது. எல்லோருக்கும் தெரியும். எல்லோராலும் முடியாது. அவரால் முடிந்தது. கையில் துணியைச் சுற்றி, மையத்தின் மேல் விரித்த துணிக்குக் கீழே கையை விட்டுக் கழுவுவார். தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத் தெரிவது துணி மட்டும். துணிக்குக் கீழே போகிற கை அவருடையது. மகள்மாரையும் மருமகள்மாரையும் தலைமாட்டில்தான் நிறுத்துவார்.

ஒரு வீட்டில், தாய் மவுத்தாகிச் சில நாளில், மகள் அலுமாரியைத் துப்பரவாக்கும்போது லேஞ்சித் துணிக்குள் பொதிந்த ஒரு சோடிக் கட்டுப்பல் கிடைத்ததாம். தன் உம்மாவுக்குப் பல் இல்லை என்பதே அந்த மகளுக்கு அன்றுதான் தெரிந்தது. வாப்பாவுக்கும் தெரியாது. "சாச்சி எடுத்து வெச்சிரிக்கா! வாயைக் கட்டி, கன்னத்த நிமித்தி, ஒருத்தருக்கும் விளங்காம... உம்மா இளம் பொண்ணு மாதிரிப் போனா," என்று அழுதுகொண்டே சிரித்தாள் அவள். நான் போய்ச் சாச்சியிடம் கேட்டேன். "எந்தப் பல்லு?" என்றார்.

நான் அவரை நேசித்தது இதற்காகத்தான். பயந்ததும் இதற்காகத்தான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு. தாயும் இரண்டு மகள்மாரும். தாய் முதலில் மவுத்தானார், இழுப்பு என்றார்கள். சில வருடம் கழித்து மூத்த மகள், காமாலை என்றார்கள். தாயைக் குளிப்பாட்டியவரும் சாச்சிதான், மகளைக் குளிப்பாட்டியவரும் சாச்சிதான். மகளுடைய மவுத்துக்கு நானும் போயிருந்தேன். மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தவரிடம் வழக்கமான கேள்வி. அவர் வாய் திறந்தார், மூடினார், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா இரிந்தா."

அன்று வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாளி இறங்குவதும் ஏறுவதும் கேட்டபடி இருந்தது.

அதன் பிறகுதான் அக்கி வந்தது.

வலது பக்கம், முதுகுத் தண்டிலிருந்து விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழ் வரை. கொப்புளம் கொப்புளமாக, நெருப்பில் வாட்டிய கயிற்றைச் சுற்றிக் கட்டியது போல. தனி ஆள், முதுகுக்குக் கை எட்டவில்லை. அதனால் மட்டும்தான் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பழைய சட்டையொன்றில் கத்தரிக்கோலால் ஒரு யன்னல் வெட்டியிருந்தார். நோய் இருக்கிற இடம் மட்டும் தெரியும்படி, கையகலத்துக்கு.

"இதுக்குள்ளால பூசு."

"சாச்சி, நானும் பொம்பிளைதானே?"

"ஓம். பூசு."

பள்ளிவாசல் லெவ்வை ஓதிக் கொடுத்த தேங்காயெண்ணெய். காரைதீவில் அக்கிக்குக் காவி எழுதுகிற ஓர் அம்மா இருந்தார், அவரிடமும் போய்வந்தோம். மீன் இல்லை, கத்தரிக்காய் இல்லை. கொப்புளம் உடைந்தது, காய்ந்தது, பொருக்கு உதிர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தழும்புப் பட்டி மிஞ்சியது. எரிவு மட்டும் உள்ளே இருந்தது. சட்டைத் துணி பட்டாலே முகம் சுளிப்பார். ஆனாலும் ஆறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். மறுபடி மையத்து வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

அறுவடைக் காலம் வந்தது. சம்மாந்துறைப் பக்கமிருந்து வீசும் காற்றில் உமித்தூள் வந்து எல்லார் மேலிலும் ஊறலும் சொறிச்சலும் உண்டாக்கும் பருவம். ஒருநாள் அவருடைய சட்டையில் செம்மண் கறையைப் பார்த்தேன். காவி.

"அக்கி திரும்பிட்டா சாச்சி?"

"ஒண்டுமில்ல."

"காரைதீவுக்குத் தனியப் போனீங்களா?"

"அதே இடம். அதே அக்கி. அதே மருந்து. இதுக்கு என்னத்துக்கு நீ?"

அதே இடம், ஆகவே அதே நோய். அவர் மட்டும் அல்ல, கேள்விப்பட்ட எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கி போன வழியிலேயே திரும்பி வருமென்று ராத்தா சொன்னார். பத்தியம் முறித்திருப்பா என்று இன்னொருத்தி சொன்னாள். நான் மன்றாடி, அழுது, கோபித்து, யன்னல் வெட்டிய அந்தச் சட்டையை மறுபடி போட வைத்துப் பார்த்தேன். கொப்புளம் ஒன்றும் இல்லை. நீர் இல்லை. பழைய தழும்பின் மேல், அதே பட்டியின் வழியே, சின்னச் சின்ன முண்டுகள் வட்டம் வட்டமாகக் கூடியிருந்தன, கடல் வற்றிய மணலில் நண்டு உருட்டி வைத்த உருண்டைகள் போல. தொட்டேன். இறுக்கமாக இருந்தன.

"நோகுதா?"

"இல்ல."

"அக்கி எண்டா நோகணுமே சாச்சி."

அவர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆம்பிளை டொக்டர் என்றால் வரமாட்டேன் என்று பல கிழமை கடத்தினார். ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்குக்குப் பெண் டொக்டர் ஒருவர் மாற்றலாகி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓட்டோவில் இழுத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு. இளம் பெண், ஆனால் களைத்த கண்கள். சாச்சி அங்கும் யன்னல் சட்டையோடுதான் வந்திருந்தார். டொக்டர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, "இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டோ அம்மா?" என்று கேட்டார். சாச்சி தலையாட்டினார்.

வெகுநேரம் பார்த்தார்.

"இது அக்கி இல்லையம்மா."

"அக்கிதான். அந்த இடந்தானே."

"இடம் அதுதான். வந்திருக்கிறது வேற நோய், வேற வருத்தம். அக்கி மாறினாலும் அந்த இடத்தின்ர நரம்பும் தோலின்ர காவலும் பழையபடி வராது. வேலி விழுந்த வளவு மாதிரி. பிறகு வேற வேற வருத்தங்கள் அதுக்குள்ள வந்து இருக்கப் பாக்கும். அனேகமானது கெட்டதில்லை. எப்பவாவது கெட்டதும் வரும். பாத்து மட்டும் சொல்லேலாது; ஒரு சின்னத் துண்டு வெட்டி அனுப்புவம்."

சாச்சி சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "கெட்டதெண்டா எப்படி இரிக்கும்?"

"கல்லு மாதிரி இறுகி நிக்கும். சில பொம்பிளையளுக்கு மார்புக்குள்ள கட்டி முத்தி, மேல் தோலை உள்ளுக்கு இழுத்து, தோடம்பழத் தோல் மாதிரி குழி குழியா ஆக்கிவிடும். அப்பிடி முத்த விட்டிட்டு வந்தா எங்களால பெருசா ஒண்டும் செய்யேலாது." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தாய்க்கு வந்திருந்தா, சகோதரிக்கு வந்திருந்தா, மற்றப் பொம்பிளைப் பிள்ளையள் கட்டாயம் வந்து காட்டவேணும். உங்கட குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ?"

"என்ட குடும்பத்தில இல்ல," என்றார் சாச்சி.

அந்த 'என்ட'வில் ஓர் அழுத்தம் இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

சோதனைக்கு வெட்டி அனுப்பிய துண்டுக்கு மறுமொழி வரும்வரை காத்திருந்த நாட்களில் அவர் வேறொரு ஆளாகிப் போனார். பால் சட்டி திறந்து கிடந்தது; பூனை நக்கிக்கொண்டிருந்தது; அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரங்களில் தலைக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவார். அடுத்த ஒழுங்கையின் முனை வரை போவார். நிற்பார். திரும்பி வருவார். அந்த ஒழுங்கையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே இருந்தது அந்த வீடு மட்டும்தான். தாயும் மூத்தவளும் போய்விட, இளையவள் தன் மாப்பிள்ளை, பிள்ளைகளோடு இருக்கிற வீடு.

இழுப்பும் இல்லை, காமாலையும் இல்லை. துணிக்குக் கீழே போன அந்தக் கை, தாயிடமும் மூத்தவளிடமும், டொக்டர் சொன்ன அந்தக் கட்டியைத்தான் தொட்டிருக்கிறதென்று எனக்கு விளங்கியது.

"சாச்சி," என்றேன், வேலிக்கு மேலால். "அந்தப் புள்ளயிட்டச் சொல்லுங்க."

"எந்தப் புள்ள?"

"சாச்சி."

அவர் வேலித் தகரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "மையத்துட குறையக் கதைக்கிறதுக்கு எனக்கு வாய் இல்ல. உசிரோட இரிக்கக்குள்ள அந்த மனிசி ஒருத்தருக்கும் காட்டல்ல. பெத்த புள்ளைக்கும் காட்டல்ல. எனக்கிட்ட மட்டும், தடுக்க ஏலாத நேரத்தில கிடந்தா. நான் போய்ச் சொன்னா மறுமையில என்ட சேலையப் புடிச்சிக் கேட்பா, நீ ஏன்கா என்னத் தொறந்தா எண்டு."

"மூத்த மகளும் கேட்பா சாச்சி. ஏன் எனக்குச் சொல்லல்ல எண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தவறி விழுந்தது அல்ல. அறிந்துதான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உள்ளே போனார். யன்னல் சாத்தப்பட்டது.

மறுமொழி எடுக்கப் போன காலையில் மழை தூறியது. கிளினிக்கில் முதல் ஆட்களில் நாங்களும் இருந்தோம். கெட்டதில்லை என்றார் டொக்டர். தழும்பில் வந்து குடியேறிய ஒரு வீக்கம். பெயர் சொன்னார், எங்கள் இருவருக்கும் வாயில் நிற்கவில்லை. தொற்றாது. பூச மருந்து, அவ்வப்போது வந்து காட்ட ஒரு சீட்டு. "இனிமேல் அந்த இடத்தில எது வந்தாலும் அக்கி எண்டு நீங்களே முடிவெடுக்கக் கூடாது," என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். நான் அழுதேன். சாச்சி அழவில்லை. விடுதலையான ஆளின் முகமாக அது இல்லை.

ஓட்டோ எங்கள் தெருவுக்குத் திரும்ப இருந்தது.

"தம்பி, இதால போகாத. அடுத்த ஒழுங்கைக்குள்ள வுடு," என்றார்.

இளையவள் மெஷினில் பாடசாலைச் சட்டையொன்று தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"என்ன மாமி, நீங்க வீட்டுக்கு வந்தா நெஞ்சு பகீரெண்டுது! ஆருக்கு மவுத்து?"

"ஒருத்தருக்குமில்ல. உன்ட மாப்பிள எங்க?"

"வயலுக்கு. தேத்தண்ணி ஊத்தவா?"

"வேணா. கதவச் சாத்து புள்ள," என்றார் என்னிடம்.

சாத்தினேன். கொளுக்கியையும் போட்டேன். திரும்பிப் பார்க்கும்போது சாச்சி முந்தானையை இறக்கியிருந்தார். சட்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். சட்டையை முழுதாகக் கழற்றி மெஷினின் மேல் வைத்தார். யன்னலில்லை, துணியில்லை. பகல் வெளிச்சத்தில் அந்தப் பட்டி தெரிந்தது. வெளுத்த தழும்பு, அதன் மேல் வட்டமாய் முண்டுகள், துண்டு வெட்டிய இடத்தில் கறுப்பு நூல்.

"அல்லாஹ்வே! மாமி, என்ன இது!"

"பாரு. நல்லாப் பாரு." வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். "அக்கி வந்து ஆறிட்டு. பொறகு இது வந்திச்சி. அதே இடமெண்டு அதே வருத்தமெண்டு மூடி வெச்சிரிந்தன். ஆருக்கும் காட்ட வெக்கம். டொக்டருட்டக் காட்டினன். அது வேற வருத்தமாம். கெட்டதாவும் இரிந்திரிக்கலாமாம்."

"இப்ப...?"

"எனக்கு ஒண்டுமில்ல. நீ போய்க் காட்டு."

"எனக்கு என்னத்துக்கு? நான் சொகமாத்தானே இரிக்கன்."

"சொகமா இரிக்கக்குள்ளதான் காட்டணும். பொம்பிளை டொக்டர்தான். நல்ல புள்ள."

"ஏன் மாமி?" அவள் குரல் இறங்கியது. "ஏன் எனக்கிட்டச் சொல்றீங்க?"

"அதக் கேக்காத மகள். எனக்குச் சொல்ல ஏலா. சொல்ல ஏலாததாலதான் என்ட உடம்ப எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்."

மழை கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவள் சாச்சியின் விலாவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்குவது ஒரு முகத்தில் எப்படி நடக்கிறதென்று அன்று கண்டேன். நெற்றியில் தொடங்கி உதட்டுக்கு வருகிறது.

"உம்மா எப்படி இரிந்தா, மாமி?"

சாச்சி வாயைத் திறக்கவில்லை.

"என்ட மூத்த ராத்தா?"

அரை உடம்பு திறந்து, முதிர்ந்து, குளிரில் மயிர்க்கூச்செறிய அவர் நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் நிறைந்தது. அந்த மௌனத்தில் எந்த மையத்தின் குறையும் இல்லை; மார்க்கம் அறிந்தவர் யார் கேட்டாலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் இளையவளுக்கு அது போதுமாக இருந்தது. அவளுடைய வலக்கை மெல்ல எழுந்து, தன் இடது மார்பின் பக்கம் போய், சட்டைக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. தேடவில்லை. எங்கே என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

சாச்சி கிட்டப் போனார். "எப்பயிருந்து?"

"போன நோம்புக்கு முந்தி. பால் கட்டின கட்டியாக்கும் எண்டு..."

"நோகுதா?"

"இல்ல மாமி. நோகல்ல. அதாலதான் நான்..."

சாச்சி மெஷின் மேலிருந்து தன் சட்டையை எடுத்தார். ஒரு கையை மாட்டினார், மறு கைக்கு வழி கிடைக்கவில்லை. ஊசிகள் தரையில் சிதறின. யாரும் பொறுக்கவில்லை. வெளியே ஓட்டோ இயந்திரம் உறுமத் தொடங்குவது கேட்டது.

"ஓடு புள்ள," என்றார் என்னிடம். "அந்தத் தம்பியப் போக வுடாத. கிளினிக் இன்னும் முடிஞ்சிரிக்காது."